சிவப்புச் சீட்டு மண்டையோடு

அத்தியாயம் 4

வண்டுகள் டெல்ஃபோர் சராச்சோவின் முழங்கையைச் சாப்பிட்டே தீருவது என்று முடிவு கட்டியிருந்தன.

“தோன்யா, கடிக்குது.”

“கடிக்காது குண்டா. செத்த மாமிசத்தைத்தான் தின்னும்னு இயக்குநர் சொன்னாரே.”

“அப்போ என் உடம்பைப் பத்தி எனக்கே தெரியாத ஏதோ சங்கதி இதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அருங்காட்சியகத்துக் கொல்லையில், அல்காரோபோ மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரொசாவுரா நியெவா, மருந்துக்கடையில் சும்மா கொடுத்த அட்டை விசிறியால் வீசிக்கொண்டே, “அடிவரைக்கும் துழாவு” என்றாள். மலையிலிருந்து சோந்தா காற்று இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி அடிக்கும் அந்தக் காற்றில் வில்யா அமார்கா ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு மதியத் தூக்கத்தில் கிடந்தது. தகரப் பெட்டியில் இருந்த வண்டுகள் மட்டும் தூங்கவில்லை. எலி, வௌவால், அணில் எது செத்தாலும் அதன் சதையைத் தின்று எலும்பைப் பளிச்சென்று ஆக்கிக் கொடுப்பது அவற்றின் உத்தியோகம். அந்த அருங்காட்சியகத்தில் மதியம் வேலை பார்க்கும் ஊழியர்கள் அவை மட்டும்தான் என்பதை ஊரே அறியும்.

ரொசாவுராவைத் தெரியாதவர்களும் ஊரில் கிடையாது. ஒரே துப்பறிவாளர். ஆறே இல்லாத ஊரில் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பும் கணவன்மார்களைப் பின்தொடர்வதுதான் அவள் பிழைப்பு. வாடகைக் கார் வைத்திருப்பதால் டெல்ஃபோர் உதவியாளர் ஆனான். அவனுக்கு அவள் ‘தோன்யா’, அதாவது அம்மணி; அவளுக்கு அவன் ‘குண்டா’. காரின் டயர்களும் அவன் தலையும் ஒரே அளவு வழுக்கை.

“இல்லை” என்று கையை உதறினான் டெல்ஃபோர். “வௌவால் மண்டை இருக்கு, அணில் மண்டை இருக்கு. நம்ம மண்டை இல்லை.”

“நம்ம மண்டை!” என்று கதவோரம் ஒரு முனகல் கேட்டது. இயக்குநர் தோன் எவாரிஸ்தோ. நேற்று மதியத்திலிருந்து கழுத்துப்பட்டையைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருக்கிறார். “நிபுணர் சாயந்தரம் பஸ்ல வந்து இறங்கிடுவார். நாளைக்குத் திருவிழா. மண்டை எங்கன்னு கேட்டா நான் எதைக் காட்ட? என் மண்டையையா?”

“அதுல ஆராய்ச்சிக்கு ஒண்ணும் கிடைக்காதுங்களே” என்றான் டெல்ஃபோர், மிகுந்த மரியாதையுடன்.

சங்கதி இதுதான். எங்கள் உப்புவெளியின் ஓரத்தில் ஒரு எலி இருக்கிறது. உள்ளங்கை அளவு, வால் நுனியில் குஞ்சம், உப்புச் செடியின் இலையைக் கொறிப்பது தவிர வேறு லட்சியம் இல்லாத பிராணி. இருபது வருஷத்துக்கு முன்னால், அப்போது இளவயதுக்காரியாக இருந்த டாக்டர் எதெல்வினா ஒல்மோஸ் அதைப் பொறி வைத்துப் பிடித்தார். மேல் கடைவாய்ப் பல்லில் மூன்றாவதாக ஒரு மடிப்பு இருந்தது. உலகத்தில் வேறெந்த உப்பு எலிக்கும் அது கிடையாது. ஆகவே இது எந்தப் பேரினத்திலும் சேராது, தனிப் பேரினம் என்று அறிவித்து, அதற்கு ஊர்ப் பெயரையே வைத்தார்: அமார்கோமிஸ். அப்புறம் எத்தனை எலி பிடித்தாலும், விஞ்ஞான விதிப்படி அந்தப் பெயருக்குச் சாட்சி அந்த முதல் எலியின் மண்டையோடு மட்டும்தான். வால்நட் கொட்டை அளவுதான் இருக்கும். சாட்சி மண்டை என்பதால் அதன் பெட்டிக்கு மட்டும் சிவப்புச் சீட்டு, தனி இரும்பு அலமாரி, தனிச் சாவி.

ஊர் சும்மா இருக்குமா? சதுக்கத்தில் எலிக்கு சிமென்ட் சிலை வைத்தார்கள். கால்பந்துக் குழு தன்னை ‘எலிகள்’ என்று அழைத்துக்கொண்டது. ரொட்டிக்கடையில் மெம்பிரில்யோ பழ ஜாம் வைத்த வாலோடு எலி பன் போட்டார்கள். வருஷா வருஷம் எலித் திருவிழா, எலி அரசி, கிரீடம், கண்ணீர், தோற்ற பெண்களின் அம்மாக்களுக்குள் அடிதடி எல்லாம் உண்டு.

இதை ஒத்துக்கொள்ளாத ஒரே மனிதர், அதே அருங்காட்சியகத்தில் அடுத்த அறையில் இருந்த பேராசிரியர் லிசாந்த்ரோ கரிசோ. தனிப் பேரினமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, இது ஏற்கெனவே இருக்கிற ஹாலோமிஸ் பேரினம்தான், காதெலும்பைப் பாருங்கள் என்று இருபது வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடையில் அவருக்கு மட்டும் வால் இல்லாத பன்தான் கிடைக்கும்.

இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று மண்டையோட்டை நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தலைநகரிலிருந்து நிபுணர் வருகிறார். நேற்று மதியம் எல்லோரும் தூங்கி எழுந்தபோது சிவப்புச் சீட்டுப் பெட்டி இருந்தது. உள்ளே பஞ்சுதான் இருந்தது.

“கரிசோதான்” என்றார் தோன் எவாரிஸ்தோ. “வேற யாருக்கு லாபம்? சாட்சி இல்லேன்னா எங்க பேரினம் இல்லை. புகார் எழுதிக் கொடுத்துட்டேன். பஸ் வர்றதுக்குள்ள மண்டை கிடைக்கலைன்னா, ஸ்டேஷன்ல பிடிச்சு வெச்சிருக்கிற அந்த ஆளை மாகாணத் தலைநகருக்கு அனுப்பிடறதா போலீஸ் கமிசாரியோ சொல்லியிருக்கார். அப்புறம் அவனுக்கு உத்தியோகமும் போச்சு, பேரும் போச்சு!”

“சாவி எங்க இருக்கும்?”

“என் கதவுக்குப் பின்னால, ஆணியில.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“ஊருக்கே தெரியும்” என்றார் இயக்குநர், பெருமையாகவா வெட்கமாகவா என்று சொல்ல முடியாத குரலில்.

“எங்கெல்லாம் தேடினீங்க?”

“இரும்பு அலமாரி, குப்பைத்தொட்டி, கைப்பை, கரிசோ வீட்டுக் கோழிக்கூண்டு...”

“மத்த மண்டையெல்லாம் இருக்கிற கூடம்?”

தோன் எவாரிஸ்தோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சிவப்புச் சீட்டு மண்டையை சாதா மண்டைகளோட யாராவது வைப்பாங்களா? பிஷப்பைக் கொண்டுபோய் ஆட்டுப்பட்டியில கட்டற மாதிரி இல்ல? அது நடக்காத காரியம்மா.”

ரொசாவுரா விசிறியை மடித்தாள். டெல்ஃபோருக்கு அந்த மடிப்பு பழக்கம். யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

* * *

காவல் நிலையத்துக்குப் போகிற வழியில் எதெல்வினாவின் அறையை எட்டிப் பார்த்தார்கள். துக்க வீடு மாதிரி இருந்தது. மேஜை முழுக்க ஊரார் கொண்டுவந்து கொடுத்த, கறி அடைத்த எம்பனாதாக்கள், எலி பன்கள், ஒரு முழு வாட்டிய கோழி. எதெல்வினா எதையும் தொடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். டெல்ஃபோர் அவருக்குப் பதிலாகத் தொட்டான்.

“டாக்டரம்மா, காணாமப் போனவரோட அடையாளம் எழுதணும்” என்றான், வாயில் பன்னோடு, போலீஸ்காரன் குரலில். “பேர் அமார்கோமிஸ். நிறம் வெள்ளை. உயரம் கட்டை. வயசு?”

அது சிரிப்பதற்காகச் சொன்னது. எதெல்வினாவிடம் எலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை வரும். கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளையின் பல்லைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லக்கூடியவர். இப்போது, “வயசெல்லாம் எதுக்குப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே சதுக்கத்தில் கால்பந்துக்காரர்கள், இந்த வெயிலிலும், எலிச் சிலைக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“துக்கம்” என்றான் டெல்ஃபோர், காரில் ஏறியதும்.

“என்னவோ” என்றாள் ரொசாவுரா. “எத்தனை பன் எடுத்தே?”

“ஒண்ணு.”

“சட்டைப் பையில?”

“அது ஆதாரம், தோன்யா.”

* * *

காவல் நிலையத்தில் குற்றவாளியும் கமிசாரியோ நெமேசியோவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து த்ரூக்கோ சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாத்தேத் தேநீர்க் குடுவை. ஒருவர் உறிஞ்சி முடித்ததும் கமிசாரியோ வெந்நீர் ஊற்றி மற்றவரிடம் நீட்டுவார். புள்ளிக்கு ஒரு பீன்ஸ் கொட்டை. கொட்டை முக்கால்வாசி கமிசாரியோ பக்கம் மலையாகக் குவிந்திருந்தது.

“இவரை அனுப்பவே மனசு வரலை ரொசாவுரா” என்றார் கமிசாரியோ. “த்ரூக்கோன்னா கையில ஒண்ணுமே இல்லாம ராஜா மாதிரி மூஞ்சி வெச்சுக்கணும். இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவே வரலை. நல்ல சீட்டு வந்தா காது சிவக்குது. மோசமான சீட்டு வந்தா என்கிட்ட மன்னிப்புக் கேக்கறார்.”

கரிசோ ஒல்லி, மூக்குக்கண்ணாடி, இந்த வெக்கையிலும் கம்பளிச் சட்டை. “என்னைத் திருடன்னு சொல்றாங்க!” என்று சீட்டை வீசினார். “நான் எதுக்குத் திருடணும்? நிபுணர் பாத்தா நான் சொல்றதுதான் சரின்னு சொல்லப் போறார். இருபது வருஷம் இதுக்குத்தான் காத்திருந்தேன்!”

“காணாமப் போனவர் அடையாளம் சொல்லுங்க புரொஃபசர்” என்றான் டெல்ஃபோர். ஒரு முறை எடுபடாத நகைச்சுவையை அவன் லேசில் விடுவதில்லை. “நிறம் வெள்ளை, உயரம் கட்டை. வயசு?”

“நல்லா வளர்ந்த முதிர்ந்த ஆண்” என்றார் கரிசோ பட்டென்று. “என் கட்டுரை எல்லாத்துலயும் எழுதியிருக்கேனே. காதெலும்போட பருமனைப் பாத்தாலே தெரியும்.”

காது சிவக்கவில்லை. ரொசாவுரா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை டெல்ஃபோர் பார்த்தான்.

“சரி புரொஃபசர். ஒரு பேச்சுக்கு நீங்கதான் திருடினீங்கன்னு வெச்சுக்குவோம். அந்த மண்டையை எங்க ஒளிச்சு வெப்பீங்க?”

“ஒளிக்கிறதா! நான் எதுக்கு ஒளிக்கணும்? அதுக்கு உரிய இடத்துல வெப்பேன். ஹாலோமிஸ் டிராயர்ல!”

“குப்பையில போட மாட்டீங்க?”

“மண்டையையா?”

“இல்லேன்னா அணில் டிராயர்ல? வௌவால் டிராயர்ல? யாரும் தேட மாட்டாங்களே.”

கரிசோவின் முகம் கோணியது. அவருடைய அம்மாவைப் பற்றி ஏதோ தகாததைச் சொல்லிவிட்ட மாதிரி. “எலியைக் கொண்டுபோய் அணில்ல வைக்கறதா? அம்மா, நாங்க விலங்குகளை வகைப்படுத்தறவங்க. கொலைகூட செய்வோம், அதைச் செய்ய மாட்டோம்!”

“நாங்கன்னா?”

“நான், எதெல்வினா, யாரா இருந்தாலும். கை நடுங்கிடும். என்னத்தைச் சொல்ல, போன மாசம் அவ என் ஹாலோமிஸ் டிராயரை மாத்தி அடுக்கினா. நான் வடக்குலேர்ந்து தெற்கா ஊர்வாரியா வெச்சிருந்தேன். அவ வயசுவாரியா மாத்திட்டா. அதுக்கே எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் வரலை!”

ரொசாவுரா எழுந்தாள். “கமிசாரியோ, புரொஃபசருக்கு இன்னொரு ஆட்டம் போடுங்க. குண்டா, வண்டியை எடு.”

“தோன்யா” என்றான் டெல்ஃபோர் வாசலில், குரலைத் தாழ்த்தி. “அந்தக் கூடத்துல ஆயிரக்கணக்கில மண்டை இருக்கு. பஸ் வர்றதுக்குள்ள எப்படித் தேட?”

“ஆயிரம் எதுக்கு? காதுல விழலையா? தப்பான இடத்துல வைக்க அவங்களுக்குக் கை வராது. இது அமார்கோமிஸ்னு நம்பறவங்களுக்கு ஒரு டிராயர். ஹாலோமிஸ்னு நம்பறவங்களுக்கு ஒரு டிராயர். மண்டை எதுல இருக்கோ, திருடினவங்க மனசு அதுல இருக்கு.”

* * *

கூடத்தில் நாப்தலீன் வாசனை மூக்கை அறுத்தது. தோன் எவாரிஸ்தோ முதலில் அமார்கோமிஸ் டிராயரை இழுத்தார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மண்டை, மண்டையிலேயே மயிரிழை எழுத்தில் ஒரு எண். டெல்ஃபோர் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“இல்லை.”

ஹாலோமிஸ் டிராயரை இழுத்தார்கள். இடது ஓரத்தில் பென்சிலால் ‘குட்டி’ என்றும் வலது ஓரத்தில் ‘கிழடு’ என்றும் எழுதியிருந்தது. டெல்ஃபோர் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தான்.

முதல் குப்பி. அவ்வளவுதான், அதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை.

“தோன்யா...”

இயக்குநர் எண்ணைப் படித்தார். படித்ததும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். “அமார்கோமிஸ்! எங்க ராஜாத்தி!” அப்புறம் டிராயரின் பெயர்ச்சீட்டைப் பார்த்தார், முகம் மாறியது. “ஹாலோமிஸ்ல வெச்சிருக்கான்! பாத்தீங்களா, தன் கட்சிப்படியே வெச்சிருக்கான்! கரிசோதான்! நான் அப்பவே சொன்னேன்! கமிசாரியோவுக்கு போன் போடறேன்...”

டெல்ஃபோருக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஆள் தன் வாயாலேயே இடத்தைச் சொன்னாரே. அவ்வளவு வெகுளியான குற்றவாளியை அவன் பார்த்ததில்லை.

“போனை வைங்க” என்றாள் ரொசாவுரா. “குண்டா, அந்தப் பல்லைப் பாரு. மேல் வரிசை. என்ன தெரியுது?”

“மடிப்பு. ஒண்ணு, ரெண்டு, மூணு. டாக்டரம்மாவோட புகழ்பெற்ற மூணாவது மடிப்பு.”

“அடுத்த குப்பி?”

அது ஹாலோமிஸ் குட்டி. போன வசந்த காலத்தில் எதெல்வினா பிடித்துவந்தது. டெல்ஃபோர் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். “இதுலயும் மூணாவது மடிப்பு இருக்கு. கொஞ்சம் மங்கலா.”

“அதுக்கடுத்தது?”

“ஒரு புள்ளி மாதிரி.”

“அதுக்கடுத்தது?”

“ஒண்ணும் இல்லை. மொழுமொழுன்னு...” டெல்ஃபோர் நிமிர்ந்தான். அவன் வாழ்க்கையில் விஞ்ஞானம் அவனைத் தொட்ட ஒரே தருணம் அது. “தோன்யா, இது டயர்! புதுசுல கோடு இருக்கும். ஓட ஓடத் தேஞ்சு போயிடும். உப்பு மண்ணோட சேத்து இலையை மென்னு மென்னு பல்லு தேஞ்சிருக்கு. அப்ப அந்த மூணாவது மடிப்பு...”

“தனிப் பேரினத்தோட அடையாளம் இல்லை. குட்டியோட அடையாளம்.”

தோன் எவாரிஸ்தோ மெதுவாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். சிலை, திருவிழா, எலி அரசி எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் இடிந்து விழுந்தன.

“அப்போ... கரிசோ சொன்னதுதான்...”

“அவர் சொன்னது சரி. ஆனா திருடினது அவர் இல்லை. இந்த மண்டை முதிர்ந்த ஆண்னு இப்பவும் நம்பறார். இங்க கொண்டுவந்து வெச்சிருந்தா அந்த ஓரத்துல, கிழடுகளோட வெச்சிருப்பார். இதைக் குட்டிகளுக்கு முன்னால, சரியா முதல் இடத்துல வெச்ச கைக்கு, இது குட்டின்னு தெரியும். ஊர்ல அது ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். வயசைக் கேட்டதும் ஜன்னலைப் பாத்த ஒருத்தருக்கு.”

“ஆனா லாபம் யாருக்கு?” என்று முனகினார் இயக்குநர்.

“தப்புக் கணக்குப் போட்டீங்க தோன் எவாரிஸ்தோ. மண்டை இல்லேன்னா தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லேன்னா பழைய பேர் அப்படியே நிக்கும். சிலையும் நிக்கும்.”

* * *

எதெல்வினா குப்பியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, அழவில்லை. வாட்டிய கோழியை ஒரு பக்கமாக நகர்த்தி, மேஜையில் குப்பிக்கு இடம் செய்து கொடுத்தார்.

“முதல் இடத்துல இருந்துதா?”

“ஆமா டாக்டரம்மா.”

“போன மாசம் அந்த டிராயரை அடுக்கினப்பதான் தெரிஞ்சுது” என்றார். “உடம்பு பெரிசா இருக்கிறதைப் பாத்து அன்னைக்கு ஏமாந்துட்டேன். முதல் எலி, சந்தோஷம் வேற. மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவில இருக்கிற தையல்கூட மூடலை, குட்டிக்குத்தான் அப்படி இருக்கும், அதைக்கூட நான்...” நிறுத்தினார். “நேத்து கையில எடுத்துட்டு வெளியில வந்தேன். அடுப்புல போட்டா சாம்பல். கொல்லையில விட்டா பூனை.”

“ஏன் போடலை?” என்றாள் ரொசாவுரா.

“போட முடியலை. சரி, வேற எங்கயாவது வெச்சிடலாம்னு கூடத்துக்குப் போனேன். அணில் டிராயரை இழுத்தேன். கை போகலை. என் டிராயரை இழுத்தேன்.” லேசாகச் சிரித்தார். “அதுலயும் கை போகலை. அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது. அதுவரைக்கும் ஒருவேளை, ஒருவேளைன்னு மனசுக்குள்ள ஒரு வக்கீல் பேசிட்டே இருந்தான்.”

“லிசாந்த்ரோ கரிசோவைப் பிடிச்சு வெச்சிருக்காங்க.”

“அவனை விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்.” “பொய் சொல்லத் தெரியாத பய. அவனைப் பாத்து யார் சந்தேகப்படுவா? நிபுணர் போனதும் எடுத்து வெச்சிடலாம்னுதான்... அந்தப் பசங்களைப் பாருங்க ரொசாவுரா. எலி மூக்குக்கு ரெண்டாவது பூச்சு அடிக்கிறாங்க.”

டெல்ஃபோர் சட்டைப் பையிலிருந்த ஆதாரத்தை எடுத்து, யோசித்து, அவர் முன்னால் வைத்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

“டாக்டரம்மா” என்றாள் ரொசாவுரா, “நான் மண்டையைக் கண்டுபிடிக்கத்தான் வந்தேன். கிடைச்சாச்சு. எங்க கிடைச்சுதுன்னு யார் சொல்றதுங்கிறது உங்க பாடு. ஆனா பஸ் வந்துடும். அதுக்குள்ள அந்த மனுஷன் பீன்ஸ் எல்லாத்தையும் தோத்துடுவார்.”

எதெல்வினா ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் பன்னின் வாலைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுகொண்டே குப்பியை எடுத்துக்கொண்டார்.

* * *

சீட்டுக்கும் பீன்ஸுக்கும் நடுவில் குப்பி வந்து உட்கார்ந்ததும் கமிசாரியோ கையிலிருந்த மாத்தேயை அப்படியே வைத்தார்.

“நான்தான் எடுத்தேன் நெமேசியோ. அவனை விடு” என்றார் எதெல்வினா. “லிசாந்த்ரோ, பாரு.”

கரிசோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மண்டையை மூக்கருகே கொண்டுபோனார். இருபது வருஷமாகப் படத்தில் மட்டுமே பார்த்துச் சண்டை போட்ட மண்டை அது. எதெல்வினாவின் மண்டையைப் பார்க்கச் சாவி கேட்பது கௌரவக் குறைவு என்று அவர் ஒருநாளும் அலமாரிப் பக்கம் போனதில்லை.

“தையல் மூடலையே” என்றார்.

“ம்.”

“பல்லு தேயவே இல்லை.”

“ம்.”

“எதெல்வினா, இது குட்டி.”

“ம்.”

கரிசோவின் காதுகள் மெல்லச் சிவந்தன. “அப்போ நான் காதெலும்பை வெச்சு எழுதினதெல்லாம்... முதிர்ந்த ஆண்னு... அத்தனையும் குப்பையா? நான் சொன்ன முடிவு சரி, சொன்ன காரணம் ஒண்ணுகூட சரியில்லையா?” சாய்ந்து உட்கார்ந்தார். “இருபது வருஷமா ஒரு குழந்தையை நடுவுல வெச்சுக்கிட்டா நாம ரெண்டு பேரும் சண்டை போட்டோம்?”

“நிறைய வீட்டுல நடக்கிறதுதான்” என்றார் கமிசாரியோ.

முதலில் சிரித்தது எதெல்வினா. நேற்றிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர் விட்ட மாதிரி ஒரு சிரிப்பு. கரிசோ கோபப்பட முயன்று, முடியாமல், மன்னிப்புக் கேட்டார். யாரிடம், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

கமிசாரியோ புகார்த் தாளை எடுத்துப் பார்த்தார். மண்டை இரும்பு அலமாரியிலிருந்து அதே கட்டடத்தில் இன்னொரு டிராயருக்குப் போயிருக்கிறது. அதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. தாளை மடித்து, ஆடும் மேஜைக்காலுக்கு அடியில் கொடுத்தார்.

“ஆனா ஊருக்கு என்ன சொல்றது?” என்றார் எதெல்வினா. “அமார்கோமிஸ் போச்சுன்னா...”

“என்ன போச்சு டாக்டரம்மா?” என்றான் டெல்ஃபோர். “எலி எங்கயும் போகலை, அதே உப்புச் செடியைத்தான் கொறிச்சிட்டு இருக்கு. நம்ம நாட்டுல காசுக்கே எத்தனை தடவை பேரை மாத்தினாங்க! எத்தனை பூஜ்யத்தை வெட்டினாங்க! நாம ரொட்டி வாங்கறதை நிறுத்தினோமா?”

ரொசாவுரா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பாராட்டவில்லை. ஆனால் விசிறியால் அவன் பக்கமும் இரண்டு வீச்சு வீசினாள்.

வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தூக்கம் கலைந்து கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின. ரொட்டிக்கடை அம்மாள் ஏப்ரனோடு வாசலில் நின்றாள். பெயின்ட் டப்பாவோடு பையன்கள் சிலையிலிருந்து இறங்கினார்கள். எதெல்வினா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, குப்பியை எல்லோரும் பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தபடி சதுக்கத்தின் குறுக்கே நடந்தார். கரிசோ அவருடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

பஸ்ஸிலிருந்து நிபுணர் புழுதியோடு இறங்கி, “எங்க அந்த மண்டை?” என்று கேட்டார்.

“இதோ” என்று எதெல்வினா நீட்டினார். ஊரே கேட்கிற குரலில், “இது குட்டி. இருபது வருஷத்துக்கு முன்னால நான் பண்ணின தப்பு. தனிப் பேரினம் இல்லை, ஹாலோமிஸ்தான்” என்றார்.

ரொட்டிக்கடை அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “அப்போ பன்னுக்கு வால் வைக்கலாமா கூடாதா?”

“வால் இருக்கு நெலீதா. வாலுக்கு ஒண்ணும் ஆகலை.”

“அப்ப சரி” என்று அவள் உள்ளே போனாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வேறு.

டெல்ஃபோர் மூச்சை விட்டான். விட்ட மூச்சு முடிவதற்குள் கரிசோவின் குரல் கேட்டது. “ஒரு சின்ன விஷயம் எதெல்வினா. பேரினம் தனி இல்லைன்னு ஆயாச்சு. எனக்கென்னவோ இது தனிச் சிற்றினம்கூட இல்லையோன்னு...”

எதெல்வினா நின்றார். நிபுணரை மறந்தார். மெதுவாகத் திரும்பி, கரிசோ கையிலிருந்த தன் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டார்.

“அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லிப் பாரு லிசாந்த்ரோ.”

“வால் குஞ்சத்தைப் பாத்தா...”

“வால் குஞ்சமா!”

பையன்கள் பெயின்ட் டப்பாவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து மூக்கைப் பூச ஆரம்பித்தார்கள். நிபுணர் பெட்டியும் கையுமாக நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

“தோன்யா” என்றான் டெல்ஃபோர், கார்க் கதவைத் திறந்துவிட்டு. “இதைத் தீர்த்துவைக்கக் கூப்பிட்டா வருவோமா?”

ரொசாவுரா ஏறி உட்கார்ந்து விசிறியை விரித்தாள். “வர மாட்டோம். அவங்களுக்கு இப்பத்தான் உயிர் வந்திருக்கு.”